பேடைக் கழட்டாதே

ஜினெட் ஷார்ல்புவாவுக்குக் கோபம் வந்தால் கோயில் சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். பேழை, பூசைப் பாத்திரம், அப்பத்தட்டு என்று பலிபீடத்தில் இருப்பதையெல்லாம் பெயர் சொல்லி இழுத்துத்தான் எங்கள் ஃபெரியர் ஊர்ப் பிரெஞ்சுக்காரர்கள் திட்டுவார்கள். அவளுடைய அப்பா காகித ஆலையில் நின்று அப்படித்தான் திட்டினார். மகள் பஸ் ஓட்டிக்கொண்டே திட்டுவாள். அந்த பிப்ரவரி மாதச் சனிக்கிழமை காலையில், பல்கலைக்கழகத்து ஐஸ் அரங்கத்தின் நடைவழியில் நின்று அவள் போட்ட சத்தத்தில் ஒரு கோயிலே காலியாகியிருக்கும்.

"பேழையே! பாத்திரமே! வரமாட்டாங்களாமா? எவன் சொன்னான்?"

"கத்தாதீங்க ஜினெட். பொண்ணுங்க உள்ள இருக்காங்க" என்றான் கிரெய்க் மெண்டம். அவன்தான் விளையாட்டுத் துறை இயக்குநர். தெற்கிலிருந்து வந்து நான்கு குளிர்காலம்கூட ஆகாதவன். கையில் போன், கழுத்தில் அட்டை, முகத்தில் எப்போதும் ஒரு வருத்தமான சிரிப்பு. "வெஸ்ட்லேக் டீம் ஹண்ட்ஸ்வில்லயே நின்னுட்டாங்க. பனி கொட்டுதாம். அவங்க டிரைவர் அதுக்கு மேல வரமாட்டேங்கிறார். ஆட்டம் ரத்து."

"ரத்துன்னா, வேற என்னைக்கு?"

"வேற நாள் இல்ல. இந்த ஆட்டத்தால பட்டியல்ல யாரும் மேல போகப் போறதில்ல, கீழ போகப் போறதுமில்ல. போட்டி நடத்துற சங்கமும் சரின்னுடுச்சு. மத்தியானம் கேக் வெட்டி, பூ குடுத்து, நல்லபடியா முடிச்சிடலாம்."

நல்லபடியாக முடிக்கிறானாம்! முடிப்பதில் அவனை அடிக்க ஆளே கிடையாது. பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி இந்தப் பருவத்தோடு கலைக்கப்படும் என்று நவம்பரிலேயே அறிவித்துவிட்டான். செலவு தாங்கவில்லையாம். ஆண்கள் அணி இருக்கும். அவர்களுக்கு உடை மாற்றும் அறைகூடப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். அதற்கு மட்டும் செலவு தாங்குகிறது. ஆக, அன்று மத்தியானம் நடக்க வேண்டியிருந்தது பெண்கள் அணி சொந்த ஊரில் ஆடும் கடைசி ஆட்டம். அந்த வருடத்துக்குக் கடைசி இல்லை. ஒரேயடியாகக் கடைசி.

அது மட்டுமென்றால்கூட ஜினெட் நாலு திட்டுத் திட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போய்ப் படுத்திருப்பாள். விஷயம் அனிக்கா.

அனிக்கா ரவுத்தியோ இரண்டாம் கோல்கீப்பர். நான்கு வருடமாக இரண்டாம் கோல்கீப்பர். முதல் கோல்கீப்பருக்கு அடிபட்டால்தான் இவளுக்கு வேலை, அந்தப் பெண்ணோ இரும்பு மாதிரி. நான்கு வருடமும் அனிக்கா பயிற்சியில் அடி வாங்கினாள், ஆட்டத்தன்று தொப்பி போட்டுக்கொண்டு பெஞ்சில் வாசலோரம் உட்கார்ந்து, ஐஸிலிருந்து உள்ளே வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டாள். ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. படிப்பு முடித்துப் போகிற வருடத்தில், சொந்த ஊரின் கடைசி ஆட்டத்தில், பெஞ்சிலேயே கிடந்த கோல்கீப்பருக்கு வலையைக் கொடுப்பார்கள். முழு ஆட்டமும் அவளுக்கு. அதைப் பயிற்சியாளர் ரோக்ஸான் போன கோடையிலேயே அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அனிக்காவின் அப்பா சுரங்கத்தில் ஷிப்டை மாற்றிக்கொண்டு, விடியுமுன் கிளம்பி, வடக்கே இன்னும் வடக்கேயிருந்து லாரியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார்.

பஸ்ஸில் அனிக்காவின் இடம் டிரைவருக்கு நேர் பின்னால். ஆடுகிற பெண்கள் பின்னால் போய் சுருண்டு தூங்குவார்கள். ஆடாத இவளுக்கு என்ன களைப்பு? ராத்திரி முழுக்க ஆரஞ்சுப் பழத்தை உரித்து உரித்து ஜினெட்டின் கையில் ஒவ்வொரு சுளையாக வைத்துக்கொண்டு, "அத்தை, வலது பக்கம் மூஸ் மான் நிக்குது, மெதுவா" என்று சொல்லிக்கொண்டு வருவாள். அத்தை தூங்கிவிடாமல் இருப்பதற்காகத்தான் அந்தப் பேச்செல்லாம். ஜினெட்டுக்கு அது தெரியும். தெரிந்ததாக ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

ஜினெட் உடை மாற்றும் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். செய்தி அங்கே முன்பே வந்துவிட்டிருந்தது. ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். ஒருத்தி சுவரை ஸ்டிக்கால் அடித்துக்கொண்டிருந்தாள். அனிக்கா மூலையில் இரண்டு கால்களிலும் பெரிய பேடு கட்டி, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலைப் பயிற்சிக்குக் கட்டியது. ஆட்டம் வரை அப்படியே இருக்கப்போவதாகச் சொல்லித் தோழிகளிடம் கேலி வாங்கியிருந்தாள். இப்போது குனிந்து முதல் வாரில் கை வைத்திருந்தாள்.

"கழட்டாதே!" என்றாள் ஜினெட்.

"அத்தை, அவங்க வரலையாம்."

"கழட்டாதேன்னு சொன்னேன்ல? கையை எடுடி."

ஜினெட் அவள் கையைத் தட்டிவிட்டாள். அந்தக் கோபம் பழையது. அவள் சின்னப்பெண்ணாக இருந்தபோது ஃபெரியரில் பெண் பிள்ளைகளுக்கு ஹாக்கி கிடையாது. பாவாடை கட்டிச் சுழன்று ஆடும் ஸ்கேட்டிங்தான். ஜினெட் அண்ணன்மார் ஸ்டிக்கால் அடித்த ரப்பர் வட்டையெல்லாம் உறைந்த குட்டையில் நின்று தடுத்தே வளர்ந்தவள். முடியைக் கத்தரித்துக்கொண்டு, ஜில் என்று ஆண் பெயர் சொல்லி, பங்குக் கோயில் பையன்கள் அணியில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கோல் காத்தாள். நன்றாகவும் காத்தாள். விஷயம் வெளியே வந்த அன்று, ஆட்டத்துக்கு நடுவே, அத்தனை பேர் பார்க்க, அந்த அணியின் பயிற்சியாளர் அவளை ஐஸ் மேலேயே உட்கார வைத்து இரண்டு பேடையும் கழட்டி எடுத்துக்கொண்டு போனார். எதிர் அணிப் பையன்கள் சிரித்தார்கள். அவளுடைய அப்பாவும் அங்கேதான் இருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத் திட்டியிருக்கலாம் அந்த மனுஷன்!

அதற்குப் பிறகு ஜினெட் ஸ்கேட் கட்டவேயில்லை. தாதுக்கல் லாரி ஓட்டினாள். கல்யாணம் கட்டினாள். மேற்கே எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். தங்கட்டும் என்று லாரியை விற்று பஸ் வாங்கினாள். இருபது வருடத்துக்கு மேலாகப் பல்கலைக்கழகத்தின் எல்லா அணிகளையும் அவள்தான் தெற்கே கொண்டுபோய்க் கொண்டுவருகிறாள். முழங்காலை மடக்க இடமில்லாமல் வழியில் நீட்டி வைக்கும் கூடைப்பந்துப் பையன்கள், சறுக்குக் கட்டை மெழுகு நாற்றம் பிடித்த ஸ்கீ அணி, ஓயாமல் பாடும் கால்பந்துப் பெண்கள் எல்லாரும் அவள் பஸ்தான். தெற்கத்திக்காரர்கள் ஒருவரோடொருவர் ஆடிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை வகுப்பிலிருந்து நேரே பஸ் ஏறி, போய் ஆடி, திரும்பி, திங்கட்கிழமை வீங்கிய கண்ணோடு பரீட்சை எழுதும். அவர்கள் எங்கள் ஊருக்கு வருவது வருடத்தில் ஒரு முறை. அந்த ஒரு முறைக்கும் மூக்கால் அழுவார்கள்.

ஜினெட் திரும்பவும் நடைவழிக்கு வந்தாள். இருபது பெண்கள் பின்னாலேயே வந்தார்கள்.

"கிரெய்க் ஐயா," என்றாள். அவள் ஐயா என்றால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், பாவம் அவனுக்கு அது தெரியாது. "ரோடு மூடலையே? போலீஸ் மூடினாங்களா?"

"மூடல. ஆனா..."

"அவங்க வந்துட்டா ஆட்டம் உண்டா?"

"அவங்கதான் வரலையே."

"வந்துட்டா? உண்டா, இல்லையா? இவங்க முன்னாடி சொல்லு."

கிரெய்க் பெண்களைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். "வந்தா ஆடட்டும். யாரு வேண்டாங்கிறா?" என்றான். வாய் தவறி வந்ததுதான். ஆனால் வந்துவிட்டது.

பஸ் ஜினெட்டுடையது. எவனிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. காலி பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு தெற்கே இறங்கினாள்.

பனி கொட்டத்தான் செய்தது, பொய் சொல்லக்கூடாது. எதிரே வரும் லாரி கிளப்பிவிடும் தூளில் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிடும். அவள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பனி வாரும் வண்டி ஒன்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனாள். பின்னாலிருந்து சுளை நீட்ட ஆளில்லை. பேழையும் பாத்திரமுமாகத் தனக்குத்தானே பேசிக்கொண்டாள். எதிரணியை நானே போய் அழைத்து வர வேண்டியிருக்கிறதே, இதைவிடக் கேவலம் உண்டா என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஹண்ட்ஸ்வில் நெடுஞ்சாலையோர உணவகத்தில் வெஸ்ட்லேக் அணி பான்கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் ஒரே மாதிரி ஜாக்கெட். அவர்களுடைய டிரைவர் தனியாக ஜன்னலோரம் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழியில் பஸ் ஒரு சுற்றுச் சறுக்கிவிட்டதாம். ஜினெட் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "உன் மேல தப்பில்லப்பா. சறுக்கினவனுக்குத்தான் தெரியும்" என்றாள். பிறகு பயிற்சியாளரின் மேசைக்குப் போனாள். வாரன் என்று பெயர். பான்கேக் மேல் சிரப்பை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நான் ஃபெரியர் டீம் டிரைவர். பஸ் வெளிய நிக்குது. ஏறுங்க."

வாரன் சிரித்தார். "அம்மா, ஆட்டம் ரத்தாயிடுச்சு. உங்க இயக்குநரே சொல்லிட்டார்."

"அவரே இன்னொண்ணும் சொன்னார். நீங்க வந்தா ஆடலாம்னு."

"பாருங்க, இந்தப் பொண்ணுங்க பத்திரம் என் பொறுப்பு. இந்தப் பனியில..."

"இருபது வருஷமா உங்க ஊருக்கு வர்றேன். இதே பனி, இதே ரோடு. என்னைக்காவது ஒருநாள் நாங்க வரலைன்னு சொல்லியிருக்கோமா? எங்க பொண்ணுங்க உடம்பு என்ன, கட்டையா? உன் பொண்ணுங்க மட்டும் கண்ணாடியா?"

"சத்தம் போடாதீங்க."

"போடுவேன்! நீ பான்கேக் தின்னுட்டு வீட்டுக்குப் போயிடுவே. ஜெயிச்சாலும் தோத்தாலும் உனக்கு ஒண்ணுமில்ல. உனக்கு இது சும்மா ஒரு ஆட்டம்."

"எனக்கு மட்டுமில்ல, உங்களுக்கும்தான். உங்க டீமையே இழுத்து மூடுறாங்க. ஒரு ஆட்டம் போனா என்ன?" என்றார் வாரன்.

ஜினெட்டுக்கு அந்த ஆள் முகத்தில் சிரப்பைக் கொட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கொட்டியிருந்தால் நாங்கள் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டோம். ஆனால் அவள் அவரை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"பொண்ணுங்களா, கேளுங்க. அங்க ஒருத்தி காலையிலேருந்து பேடு கட்டிட்டு உக்காந்திருக்கா. இரண்டாம் கோல்கீப்பர். நாலு வருஷமா பெஞ்சு. எங்க பெஞ்சுல எல்லாருக்கும் கதவு திறந்துவிட்டதைப் பாத்திருப்பீங்களே, அவதான். இன்னைக்குத்தான் அவளுக்கு வலை. இன்னைக்கு இல்லைன்னா அப்புறம் இல்லவே இல்ல. கழட்டாதேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நான் போய் என்ன சொல்றது? கழட்டுடின்னா?"

கடைசி மேசையில், தொப்பி போட்ட ஒரு உயரமான பெண் எழுந்தாள். தட்டில் பாதி பான்கேக் அப்படியே இருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"பிரின், எங்க போற?" என்றார் வாரன்.

"என் பையை எடுக்க, கோச்."

"நீ ஆடப் போறதே இல்லையே."

"தெரியும்" என்றாள் பிரின். "நான் எந்த ஆட்டத்துலதான் ஆடியிருக்கேன்?"

அவள்தான் வெஸ்ட்லேக்கின் இரண்டாம் கோல்கீப்பர். ஹாக்கியில் கோல்கீப்பர்கள் தனி சாதி. எந்த அணியாக இருந்தாலும் ஒருத்தி பட்டது இன்னொருத்திக்கு வலிக்கும். பிரின் வெளியே போய், தங்கள் பஸ்ஸின் வயிற்றிலிருந்து தன் பெரிய பையை இழுத்து, பனியில் தரதரவென்று ஜினெட்டின் பஸ்ஸுக்குக் கொண்டுபோனாள். அடுத்து அவர்களுடைய கேப்டன் எழுந்தாள். பிறகு யார் முன்னால் எழுந்தது, யார் பின்னால் என்று சொல்ல முடியாதபடி எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

வாரன் கடைசியாக ஏறினார். "ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார்.

"ஏதாவது ஆச்சுன்னா முதல்ல எனக்குத்தான் ஆகும். முன்னாடி உக்காந்திருக்கறது நான். போய் பெல்ட்டைப் போடு" என்றாள் ஜினெட்.

வழியில் பின்னால் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "இவங்க வாரா வாரம் இப்படித்தான் வர்றாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். கேட்கட்டும், இப்போதாவது கேட்டாளே என்று ஜினெட் நினைத்துக்கொண்டாள்.

அரங்கத்துக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். உள்ளே விளக்கெல்லாம் அணைந்திருந்தது.

கிரெய்க் முடித்திருந்தான்! ஜினெட்டின் பஸ் ஊர் எல்லையைத் தாண்டியதும் ஆட்டம் ரத்து என்று ஒலிபெருக்கியில் சொல்லி, பெற்றோர்களை ஐஸ் மேல் கூப்பிட்டு, பூ கொடுத்து, படம் எடுத்து, கேக்கை வெட்டி, எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டான். நடைவழிக் குப்பைத்தொட்டியில் காகிதத் தட்டுகள் கிடந்தன.

"நீங்க நிஜமாவே அழைச்சிட்டு வருவீங்கன்னு நான் நினைக்கல" என்றான். அந்த வருத்தமான சிரிப்பு அப்போதும் முகத்தில் இருந்தது.

"வந்தா ஆடட்டும்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். ஆனா அதிகாரபூர்வமா..."

"உன் அதிகாரத்தை அப்பத்தட்டுல வை!"

அறைக் கதவை அவள் திறந்தாள். இருபது பெண்களும் காலையில் விட்ட இடத்திலேயே, முழு உடையில், வியர்வை காய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பூ வாங்கும்போதுகூட ஒருத்தியும் ஸ்கேட்டைக் கழட்டவில்லையாம். அனிக்கா மூலையில் பேடோடு இருந்தாள். வாகன நிறுத்தத்தில் பார்த்தால் பெற்றோர்களின் லாரிகள் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. அவர்களும் போகவில்லை. ஐஸ் பராமரிக்கும் ரெய்னோ, யாரையும் கேட்காமல் போய் விளக்கைப் போட்டான். நடுவர் வேலை பார்க்கும் ஊர்த் தபால்காரர் கார்டனோ கேன்டீனில் குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார். விரலை நக்கிக்கொண்டே விசிலை எடுத்தார்.

ஸ்கோர் பலகையின் அறைச் சாவி கிரெய்க்கிடம் இருந்தது. அவன் தரவில்லை. பலகை இருட்டாகவே இருந்தது. அதனால் எத்தனை கோல் என்று எங்களிடம் கேட்காதீர்கள், ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். தோற்றோம் என்பது மட்டும் நிச்சயம்.

அனிக்கா வலைக்குப் போனபோது எங்கள் பெண்கள் ஸ்டிக்கால் ஐஸைத் தட்டினார்கள். எதிர் பெஞ்சில் பிரின் எழுந்து நின்று ஐஸைச் சுற்றியிருக்கும் பலகைச் சுவரைத் தட்டினாள். உடனே அந்த அணி மொத்தமும் தட்டியது. முதல் வட்டே அனிக்காவின் காலுக்கு நடுவே போய்விட்டது. ஐயோ என்று அரங்கமே முனகியது. இரண்டாவதைப் பிடித்தாள். மூன்றாவதை விழுந்து தடுத்தாள். பிறகு அவள் எழுந்ததைவிட விழுந்ததுதான் அதிகம், ஆனால் வட்டு அவ்வளவு சுலபமாக உள்ளே போகவில்லை. ஒரு வட்டு தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, பாதுகாப்பு இல்லாத இடத்தில் விழுந்து, சத்தம் மேல் வரிசைவரை கேட்டது. அவள் கையை உதறிவிட்டு மறுபடி குனிந்து நின்றாள்.

ஜினெட் பலகைச் சுவரோரம் நின்று பார்த்தாள். வெளியூரில் ஆட்டம் நடக்கும் நேரமெல்லாம் அவள் தூங்கும் நேரம், திரும்ப ஓட்ட வேண்டுமே. உள்ளூர் ஆட்டத்துக்கு அவள் வந்ததேயில்லை. அந்தப் பழைய வயிற்றெரிச்சல்தான் காரணம். இத்தனை வருடத்தில் அவள் முழுதாகப் பார்த்த முதல் ஆட்டம் இது. பார்த்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே நடுவரையும் திட்டினாள்.

முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையில் கைகொடுத்துக்கொண்டன. பிரினும் அனிக்காவும் கைகொடுக்கவில்லை, தலைக்கவசத்தோடு தலையை முட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றார்கள். அனிக்காவின் அப்பா பெரிய பூட்ஸோடு ஐஸில் இறங்கி, மத்தியானம் கொடுத்து வாடிப்போன அதே பூவை மறுபடி கொடுத்தார்.

நடைவழியில் கிரெய்க் காத்திருந்தான். "நல்லா ஆடினே அனிக்கா" என்றான். "ஆனா ஒண்ணு, நீ பின்னாடி வருத்தப்படக் கூடாதில்ல, அதுக்காகச் சொல்றேன். இது பதிவுல வராது. சங்கத்தோட கணக்குல இந்த ஆட்டம் ரத்துதான். நீ ஆடினதா எங்கயும் இருக்காது."

ஜினெட்டின் பல்லுக்குப் பின்னால் பேழை வந்து நின்றது. ஆனால் அனிக்கா முந்திக்கொண்டாள். மேல்சட்டையின் கையை மடித்துத் தோள்வரை ஏற்றினாள். முழங்கைக்கு மேலே, வட்டின் அளவுக்கே வட்டமாக, கன்றிப்போய் ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது.

"அப்ப இதையும் ரத்து பண்ணிக் குடுங்க, கிரெய்க்" என்றாள்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். போனைப் பார்த்தான். ஏதோ அழைப்பு வந்தது போல அதைக் காதில் வைத்துக்கொண்டு தன் அறைப் பக்கம் போனான்.

அனிக்கா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். அடிபட்ட கை குனிய விடவில்லை. ஜினெட் அவள் முன்னால் ஈரத் தரையில் முழங்காலிட்டு, பேட்டின் முதல் வாரைப் பிடித்தாள். வெளியே வெஸ்ட்லேக் பெண்கள் ஜினெட்டின் பஸ்ஸில் பை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஹண்ட்ஸ்வில்லில் கொண்டுபோய் விட வேண்டும்.

"திரும்பி வர்றப்ப தனியா வரணும்டி. ஆரஞ்சு இருக்கா?" என்று கேட்டாள்.

"ஒரு பை இருக்கு அத்தை."

"சரி. காலை நீட்டு," என்று ஜினெட் வாரை அவிழ்த்தாள். "இப்பக் கழட்டலாம்."